கனவு என்று தெரிந்தே காணும் கனவு: ஆய்வகப் பதிவு உண்டு

கனவுக்குள் இருந்தபடியே ‘இது கனவு’ என்று உணரும் லூசிட் ட்ரீமிங்குக்கு ஆதாரமே இல்லை, அது அரைத்தூக்கத்தில் வரும் கற்பனை என்று ஒரு கருத்து இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

கனவு மிகுந்த ‘ரெம்’ தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து செயலற்றுப் போகும். ஆனால் கண் தசைகள் இயங்கும். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கீத் ஹெர்ன் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வோர்ஸ்லி என்பவர், முன்பே பேசி வைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்தார். கருவி அதைப் பதிவு செய்தது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியாக இதே முறையில் நிரூபித்தார். அரைத்தூக்கம் என்ற வாதம் இங்கே நிற்காது: மூளை அலையும் தாடைத் தசையின் தளர்வும் அப்போதும் ரெம் தூக்கத்தையே காட்டின.

என்னை மிகவும் வியக்க வைத்தது 2021 ஆய்வு. தூங்குபவரிடம் ‘எட்டிலிருந்து ஆறு போனால்?’ என்று கேட்டார்கள். கண்களை இரண்டு முறை இடவலமாக அசைத்துப் பதில் சொன்னார்!

யாரும் சரிபார்க்கலாம். ‘கரன்ட் பயாலஜி’ இதழின் 2021 கட்டுரைகளில், கனவு காண்பவருடன் நடந்த உரையாடல் பற்றியதைத் தேடி எடுங்கள். அதிலுள்ள படங்களில் கண்ணசைவுக் கோட்டையும் தசைக் கோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்ணசைவுக் கோடு அகலமாக ஏறி இறங்கும் நேரத்தில் தசைக் கோடு தட்டையாகவே கிடக்கும்.