கிளட்ச் மிதி, கால் வைத்துக்கொள்ளும் பலகை அல்ல

கியர்பாக்ஸை இறக்கிய பிறகு மெக்கானிக் என் கையில் கொடுத்த கிளட்ச் பிளேட்டில், உராய்வுப் பட்டை இருந்ததற்கான தடயம் மட்டுமே மிச்சமிருந்தது. பட்டையைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலைகள் தேய்ந்து பளபளத்தன. அவை உரசியதில், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடுகள் விழுந்திருந்தன. நடுநடுவே சூட்டில் வெந்து நீலம் பாய்ந்த திட்டுகள் வேறு. யார் ஓட்டியது என்று அவர் கேட்டார். ஓட்டியவன் என் மைத்துனன். ஆறு மாதமாக வண்டி அவனிடம்தான் இருந்தது. அவனைக் கேட்டால், "இந்த வண்டிக்குக் கிளட்ச்சே மட்டம், அத்தான்" என்கிறான்.

எது மட்டம்? நிற்கும் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரமோ அசையாமல் இருக்கும். சுற்றுவதையும் நிற்பதையும் சட்டென்று கோத்துவிட்டால் எஞ்சின் இருமி அணைந்துபோகும் என்பதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவே கிளட்ச்சை வைத்தார்கள். அந்த ஃபிளைவீலுக்கும், அதோடு சேர்ந்து சுற்றும் அழுத்தும் தட்டான பிரஷர் பிளேட்டுக்கும் இடையில், கியர்பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட்டை ஒரு பலமான ஸ்பிரிங் எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நாம் மிதியை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் வந்து அந்த ஸ்பிரிங்கைத் தள்ள, பிடி தளர்கிறது. அதாவது, மிதித்தால் விடும், விட்டால் பிடிக்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வருடக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சாவியைக் கொடுத்த என்னைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

முழுக்க விட்டிருக்கும்போது பிளேட் ஃபிளைவீலோடு ஒன்றாகச் சுற்றுவதால் அது தேய்வதில்லை. முழுக்க மிதித்திருக்கும்போது அதன்மேல் அழுத்தமே இல்லாததால் அப்போதும் தேய்வதில்லை (ரிலீஸ் பேரிங் வீணாக உழைக்கும், அது வேறு கதை). ஆஃப் கிளட்ச் என்று நாம் சொல்கிற அந்த நடுநிலையில், ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் உரசிச் சுற்றும் நேரத்தில்தான் பட்டை தேய்கிறது. வண்டியைக் கிளப்புகிற ஓரிரு நொடிக்கு அந்த உரசல் தேவை, அதைத் தாங்கவே பட்டையைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ரிவெட்டுத் தலைக்கு மேல் தேய்வதற்கென்று இருக்கும் கனம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அதை ஆண்டுக்கணக்கில் வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு. ஆறே மாதத்தில் கரைத்துக் குடிக்கிற புண்ணியவான்களும் உண்டு.

இந்தப் புண்ணியவான் என்ன செய்தான் என்பதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏற்றத்தில் முன்னால் போகும் வண்டிகள் நின்றால், பிரேக்கை மிதிக்காமல், ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தொட்டில் போல முன்னும் பின்னும் ஆட்டி நிறுத்திவைக்கிறான். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான். 1000 கிலோ எடையுள்ள ஒரு கார், 10 சதவீத ஏற்றத்தில், முதல் கியரில், எஞ்சின் 1000 சுற்றில் ஓட, இப்படி நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 2 கிலோவாட் வெப்பம் அந்த ஒற்றைத் தட்டில் இறங்குகிறது. இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்துக் கிளட்ச்சின் மேல் அழுத்துவதற்கு அது சமம். கருகிய வாடை வந்தபோது, வெளியே யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டான்!

சமதளத்திலும் அவனுடைய இடது கால் மிதியை விட்டு இறங்கியதே இல்லை. காலின் கனமே போதும், ஸ்பிரிங்கின் இறுக்கம் கொஞ்சம் குறையும். முடுக்கும்போதெல்லாம் பிளேட் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும். கடைசி மாதத்தில் எஞ்சின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அவனோ, பிக்கப் இல்லை என்று ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தியிருக்கிறான்.

இவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதுதான் எரிச்சலை அதிகமாக்குகிறது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், "கிளட்ச்சை மிதி, கியரைப் போடு, மெதுவாக விடு" என்று மந்திரம் போல ஓதினாரே தவிர, மிதிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் இரண்டு வட்டம் வரைந்து காட்டவில்லை. பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு கிளட்ச் மிதி இருந்தது. இவன் தவறு செய்தபோதெல்லாம் அவரே மிதித்துச் சமாளித்துவிட்டார். எஞ்சின் அணையாமல் இருந்தால் சரியாக ஓட்டுகிறோம் என்ற நினைப்போடு இவன் உரிமம் வாங்கி வந்துவிட்டான். ஒரு சாண் அகலமுள்ள ஒரு தட்டை மாற்றக் கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்க வேண்டும் என்பதை அவராவது சொல்லியிருந்தால், அந்தக் கால் கொஞ்சமாவது கூசியிருக்கும்.

கிளட்ச் தேயத் தேய மிதி கனமாகிக்கொண்டே போகும். புதுசு போட்டவுடன் பூப்போல இறங்கும். வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த மைத்துனனும் அதைக் கவனித்திருக்கிறான். "இப்போது மிதி நல்ல லேசாக இருக்கிறது, அத்தான்," என்றான். "காலை எடுக்காமல் வைத்துக்கொண்டே ஓட்டலாம், வலிக்கவே இல்லை."