புயல் வருதுன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காத க்ரூஸ் கம்பெனிகள்

"நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்." செப்டம்பர், அக்டோபர்ல ஃப்ளோரிடாவுலருந்து கரீபியன் க்ரூஸ் புக் பண்ணிட்டு, கிளம்ப மூணு நாள் இருக்கும்போது ஒரு புயலுக்குப் பேர் வச்சிட்டாங்கன்னா, கம்பெனிகிட்டருந்து வர்ற மெயில்ல உருப்படியா இருக்கிற ஒரே வரி இதுதான். கப்பல் கிளம்புமா? சொல்ல மாட்டாங்க. எந்த ஊருக்குப் போகும்? சொல்ல மாட்டாங்க. டல்லாஸ்லயும் நியூ ஜெர்சிலயும் பெட்டி கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கிற குடும்பம் நாளைக்கு ஃப்ளைட் ஏறணுமா வேண்டாமா? அது உங்க பாடு. கால் சென்டர்ல ரெண்டு மணி நேரம் பாட்டு கேட்டா அதே வரியை ஒரு ஆள் படிச்சுக் காட்டுவார், அவ்வளவுதான்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். கேப்டன் மேல கோபமே கிடையாது. பெரிய க்ரூஸ் கப்பல் 20, 22 நாட் (மணிக்கு 23லருந்து 25 மைல்) வேகத்துல ஓடும். புயல் பெரும்பாலும் மணிக்கு 10லருந்து 15 மைல் வேகத்துலதான் நகரும். அதனால கடல்ல இருக்கிற கப்பல் புயலை விட்டு ஒதுங்கிப் போயிடலாம், போகணும். துறைமுகத்துல கட்டிப் போட்டா கடல் மட்டம் ஏறி, காத்து தள்ளி, கப்பல் கான்கிரீட்ல மோதிக்கிட்டே கிடக்கும். அதனாலதான் புயல் வர்றதுக்கு முன்னாடி கப்பலை வெளியே கொண்டு போயிடறாங்க. ரூட்டை மாத்தினது தப்பே இல்ல. எப்ப சொல்றாங்க, அதுக்குள்ள யார் காசு கரையுது, அங்கதான் வயிறு எரியுது.

கணக்கைப் பாருங்க. முழுப் பணத்தையும் பெரும்பாலும் 75லருந்து 90 நாளுக்கு முன்னாடியே கட்டிடணும். கடைசி ரெண்டு வாரத்துல நீங்க கேன்சல் பண்ணா பெரும்பாலான கம்பெனில 100 சதவீதமும் போச்சு. அதே பயணத்தை கம்பெனி கேன்சல் பண்ணா முழுசா திருப்பித் தரணும். ஆக, யார் முதல்ல "வேண்டாம்"னு சொல்றாங்களோ அவங்களுக்கு நஷ்டம். கம்பெனிக்கு அவசரமே கிடையாது. காலை வரைக்கும் காத்திருந்து, ஏதோ ஒரு பக்கம் கப்பலைக் கிளப்பிட்டா போதும், ஒப்பந்தம் நிறைவேறிடுச்சு. விளம்பரத்துல கிராண்ட் கேமன் கடற்கரையைக் காட்டி விப்பாங்க. டிக்கெட் கான்ட்ராக்ட்டைத் திறந்து பாருங்க: எந்த ஊருக்கும் உத்தரவாதம் கிடையாது, எந்தக் காரணத்துக்காகவும் ஊரை மாத்தலாம், விடலாம், அதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு இருக்கும். நீங்க வாங்கினது ஒரு கட்டில், மூணு வேளை சாப்பாடு. அது எந்தக் கடல்ல மிதக்கும்ங்கிறது அவங்க இஷ்டம்.

விட்ட ஊருக்கு என்ன திரும்ப வரும்? அந்தத் துறைமுகத்தோட வரியும் கட்டணமும் மட்டும்தான், அதுவும் பல நேரம் கப்பல்ல செலவு பண்ற கிரெடிட்டா வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்குக் கூட காணாது. கப்பல் மூலமா புக் பண்ண சுற்றுலா ரத்தானா பணம் வந்துடும். வெளியில உள்ளூர் ஆள்கிட்ட நேரடியா புக் பண்றதா இருந்தா, "கப்பல் வரலைன்னா முழுப் பணம் வாபஸ்"னு எழுத்துல போடுறவங்ககிட்ட மட்டும் புக் பண்ணுங்க. நல்ல ஆபரேட்டர்கள் போடுவாங்க. போட மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

கடல் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அமெரிக்க ஃபெடரல் மேரிடைம் கமிஷன் 2022ல ஒரு விதி கொண்டு வந்தது. அமெரிக்கத் துறைமுகத்துலருந்து கிளம்பற பயணம் ரத்தானாலோ, மூணு நாளோ அதுக்கு மேலயோ தள்ளிப்போய் நீங்க அதுல போக விரும்பலைன்னாலோ பணத்தைத் திருப்பிக் கேக்கலாம். நல்ல விதிதான். ஆனா அந்த மூணை கவனிச்சீங்களா? ஒரு நாள், ரெண்டு நாள் தள்ளிப்போனா இந்த விதி எட்டாது. ஏழு நாள் பயணம் அஞ்சு நாளா சுருங்கினா அந்த ரெண்டு நாளுக்கு உண்டானதைக் கணக்குப் போட்டுத் தருவாங்க. அந்த ரெண்டு நாள் ஹோட்டல் வாடகையை, மாத்தின ஃப்ளைட் காசை யார் தருவா? "டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கலையா?"ன்னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். இங்க நடக்கிற கூத்து தனி. புயலுக்குப் பேர் வச்ச நிமிஷத்துலருந்து அது "முன்கூட்டியே தெரிஞ்ச ஆபத்து". அதுக்கப்புறம் வாங்கற பாலிசி அந்தப் புயலுக்கு ஒரு சென்ட் கூட தராது. 2024 மில்டன் புயலை எடுத்துக்கோங்க. அக்டோபர் 5, சனிக்கிழமை மெக்ஸிகோ வளைகுடாவுல பேர் வச்சாங்க. திங்கள்கிழமை அது கேட்டகரி 5, அதாவது உச்சகட்ட வலிமை. புதன்கிழமை ராத்திரி ஃப்ளோரிடா மேற்குக் கரையில சியெஸ்டா கீ பக்கத்துல கரையைத் தொட்டுது. பேர் வச்சதுக்கும் கரையைத் தொட்டதுக்கும் நடுவுல முழுசா அஞ்சு நாள் கூட இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் பதறிப்போய் இன்சூரன்ஸ் வாங்கியிருந்தா வெறும் காகிதம்தான்.

முன்னாடியே வாங்கியிருந்தாலும் ஆட்டம் முடியல. "புயலைப் பாத்து பயமா இருக்கு, வரல"ங்கிறது சாதாரண பாலிசில ஏத்துக்கற காரணமே கிடையாது. ஃப்ளைட்டோ கப்பலோ பாலிசில போட்டிருக்கிற மணி நேரத்துக்கு முழுசா நின்னு போகணும், இல்ல நீங்க தங்கற இடத்தை காலி பண்ணச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடணும், இந்த மாதிரி நிபந்தனை இருக்கும். எத்தனை மணி நேரம்ங்கிறது பாலிசிக்கு பாலிசி மாறும், வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க. ஊர் மாறினதுக்கு ஏதாவது தருவாங்களான்னும் பாருங்க. சிலதுல விட்ட துறைமுகத்துக்கு இவ்வளவுன்னு சின்ன தொகை இருக்கும், பலதுல அதுவும் கிடையாது. எந்தக் காரணத்துக்காகவும் கேன்சல் பண்ணலாம்ங்கிற கூடுதல் கவர் ஒண்ணு தனியா விக்கறாங்க. முதல் முன்பணம் கட்டி 14லருந்து 21 நாளுக்குள்ள வாங்கணும். பிரீமியம் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு ஏறும். திரும்ப வர்றது 50லருந்து 75 சதவீதம்தான். கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணியாகணும். இப்ப மறுபடி கம்பெனியோட மௌனத்தை யோசிச்சுப் பாருங்க. ஹோட்டல்ல இலவசமா கேன்சல் பண்ற நேரம் 24லருந்து 72 மணி நேரம் முன்னாடி முடியுது. இந்த கவர் 48 மணி நேரம் முன்னாடி முடியுது. கப்பல் கம்பெனி வாயைத் திறக்கறது 24 மணி நேரம் முன்னாடி. சில நேரம் நீங்க ஏர்போர்ட் போற டாக்ஸில இருக்கும்போது. நம்ம கையில இருக்கிற எல்லா வழியும் அடைபட்டதுக்கு அப்புறம்தான் அவங்களுக்கு முடிவெடுக்க வருது. இது தற்செயல்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும்.

அவங்களுக்குத் தெரியாததா? தனியா வானிலை நிபுணர்களை வேலைக்கு வச்சிருக்கிற கம்பெனி இருக்கு. அதை விடுங்க, பொதுவில இருக்கிற தகவலை வச்சு நாமளே ஓரளவு கணிச்சிடலாம், கத்துக்கிட்டா நல்லது. மியாமில இருக்கிற தேசிய ஹரிகேன் மையம் ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் அறிக்கை விடும்: கோடை நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11. அந்த அறிக்கையோட வர்ற கூம்பு வடிவப் படத்தைப் பாத்து "நம்ம துறைமுகம் கூம்புக்கு வெளியே இருக்கு, தப்பிச்சோம்"னு நினைக்காதீங்க. கூம்பு காட்டறது புயலோட மையம் போகக்கூடிய பாதையை மட்டும்தான், புயலோட அகலத்தை இல்ல. அந்த மையமே மூணுல ரெண்டு தடவைதான் கூம்புக்குள்ள நிக்கும். நமக்கு வேண்டியது வேற படம்: மணிக்கு 39 மைல் காத்து எந்த ஊருக்கு எப்ப வந்து சேரும்னு அதே தளத்துல நேரம் போட்டு ஒரு வரைபடம் இருக்கும். அதைத் திறங்க.

ஏன் 39 மைல்? அமெரிக்கக் கடலோரக் காவல்படை துறைமுகத்தை மூடறது அந்தக் கணக்குலதான். அந்தக் காத்து 72 மணி நேரத்துல வரும்னா விஸ்கிங்கிற எச்சரிக்கை நிலை, 48 மணின்னா எக்ஸ்-ரே, 24 மணின்னா யாங்கி, 12 மணின்னா ஜூலு. யாங்கிலயே உள்ள வர்ற கப்பலுக்குக் கட்டுப்பாடு வந்துடும். ஜூலுன்னா துறைமுகம் மூடியாச்சு. உங்க கப்பல் கிளம்பற நேரத்தையும் வரைபடத்துல இருக்கிற நேரத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பாதி பதில் கிடைச்சிடும். மீதி பாதிக்கு, கப்பல்களோட இருப்பிடத்தைக் காட்டற தளம் ஏதாவது ஒண்ணுல உங்க கப்பல் பேரைத் தேடுங்க. நாளைக்கு காலை அஞ்சு மணிக்கு ஃப்ளோரிடாவோட போர்ட் கனவெரலுக்குள்ள வந்து, பழைய ஆட்களை இறக்கி, மத்தியானம் உங்களை ஏத்த வேண்டிய கப்பல் இன்னிக்கு சாயங்காலம் மெக்ஸிகோவோட கோஸுமெல் பக்கத்துலயே சுத்திக்கிட்டிருந்தா, மெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் கப்பல் இல்ல.

புயல் போன மறுநாள் வெயில் பளிச்சுன்னு அடிக்கும், துறைமுகம் மட்டும் மூடியே கிடக்கும். இதுக்கு கப்பல் கம்பெனியைத் திட்டறவங்களைப் பாத்திருக்கேன், இது அவங்க தப்பு இல்ல. கால்வாய்ல மரம், படகு ஏதாவது மூழ்கிக் கிடக்குதா, வழிகாட்டி மிதவைகள் இடம் மாறியிருக்கான்னு அளந்து பாத்துதான் திறப்பாங்க. மில்டன் மேற்குக் கரையில கரையேறி தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து கிழக்கு பக்கம் போர்ட் கனவெரலையும் மூட வச்சுது. "புயல் டாம்பா பக்கம்தானே, நமக்கென்ன"ன்னு நினைச்சவங்களும் மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் ஊர் தப்பிச்சாலும் அலை தப்பாது. நூத்துக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற புயலோட அலை வந்து சேரும். கிராண்ட் கேமன், பெலீஸ் சிட்டி மாதிரி சின்னப் படகுல கரைக்கு இறக்கிவிடற ஊர்கள்ல முதல் வெட்டு விழறது அதனாலதான்.

நம்ம ஆட்களுக்குன்னு தனியா ஒரு கண்ணி இருக்கு. பாஸ்போர்ட்ல ஹெச்1பி வேலை விசா ஸ்டாம்பிங் காலாவதியாகி, ஐ-797 (அனுமதி நோட்டீஸ்), ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்ச பதிவு) மட்டும் வச்சிருக்கிறவங்க, "மெக்ஸிகோ மட்டும்தானே, 30 நாளுக்குள்ள திரும்பிட்டா ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்ல வந்துடலாம்"னு கோஸுமெல் க்ரூஸ் புக் பண்றது உண்டு. காலாவதியான விசாவோடயே திரும்ப உள்ள விடற அந்தச் சலுகை ஹெச்1பிக்கு கனடா, மெக்ஸிகோவுக்கு மட்டும்தான். பக்கத்துத் தீவுகளும் சேர்த்திங்கிறது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரங்களுக்கு. புயல் மேற்கு கரீபியன்ல இருந்தா கம்பெனி என்ன பண்ணும்? கோஸுமெலைத் தூக்கிட்டு பஹாமாஸுக்குத் திருப்பிடும். அவங்களைப் பொறுத்தவரைக்கும் ஒரு பீச்சுக்கு இன்னொரு பீச், சரியாப் போச்சு. உங்களுக்கு அந்தச் சலுகையே போச்சு. டிக்கெட் கான்ட்ராக்ட்ல பேப்பர் சரியா வச்சுக்கிறது பயணியோட பொறுப்புன்னும் இருக்கும், கேட்டா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவாங்க. ஸ்டாம்பிங் இல்லாம ஹரிகேன் சீசன்ல க்ரூஸே வேண்டாம். சீசன்னா ஜூன் 1லருந்து நவம்பர் 30 வரைக்கும், உச்சம் செப்டம்பர் 10 சுத்தி.

ஃப்ளைட் கதை இன்னும் மோசம். ஃப்ளைட் ரத்தானா பணம் வரும், அது சட்டம். ஆனா கப்பல் மட்டும் தள்ளிப்போய், டல்லாஸ்லருந்து ஒர்லாண்டோ ஃப்ளைட் ஒழுங்கா பறந்துச்சுன்னா, அந்த டிக்கெட் உங்க தலையில. பேசிக் எகானமி எடுத்திருந்தா பெரும்பாலும் மாத்தவும் முடியாது. நாப்பது டாலர் மிச்சம் பிடிக்க அதை எடுக்காதீங்க. ஏர்லைன்ஸ்காரங்க புயலுக்கு சில நாள் முன்னாடி, இந்த ஏர்போர்ட், இந்தத் தேதின்னு குறிச்சு கட்டணமில்லாம மாத்திக்கலாம்னு சலுகை விடுவாங்க. வந்த அன்னிக்கே மாத்துங்க, மறுநாள் சீட் இருக்காது. திரும்பி வர்ற ஃப்ளைட்டைக் கப்பல் வந்து சேர்ற அன்னிக்கே போடறதை இந்த மாசங்கள்ல மறந்துடுங்க. பிபி, சுகர் மாத்திரை நாலஞ்சு நாளைக்குக் கூடுதலா, கையில வச்சிருக்கிற பையில. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதை அழுத்திச் சொல்றேன், கப்பல் மருத்துவர் உங்க இந்திய பிராண்டை வச்சிருக்க மாட்டார்.

காரை மறந்துடாதீங்க. 2017 ஹார்வி புயல்ல டெக்ஸஸ் கால்வெஸ்டன் துறைமுகம் மூடினப்ப, அங்க திரும்ப வேண்டிய சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ்ல போய் நின்னுது. கார் எல்லாம் கால்வெஸ்டன்ல. புயல் சீசன்ல திறந்தவெளி பார்க்கிங் எடுக்காதீங்க, மாடி பார்க்கிங்ல மேல் தளமா பாத்து விடுங்க. கப்பல் லேட்டா வந்த நாளுக்கும் பார்க்கிங் காசு கேக்கற இடம் இருக்கு, ரசீதைப் பத்திரமா வச்சு கப்பல் கம்பெனிகிட்டயும் இன்சூரன்ஸ்கிட்டயும் கேளுங்க. வெள்ளத்துல கார் போனா காம்ப்ரிஹென்சிவ் கவர் (மோதல் தவிர வெள்ளம், திருட்டு மாதிரி சேதத்துக்கானது) இருந்தாதான் பணம் வரும். புயல் நெருங்கிட்டா அந்தக் கவரைப் புதுசா சேக்கறதையும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறுத்தி வச்சிடுவாங்க, அதனால க்ரூஸ் புக் பண்ற அன்னிக்கே கார் பாலிசியையும் எடுத்துப் பாத்துடுங்க.