எண்ண மாட்டோம் என்று சொல்லிவிட்டு நடத்திய தேர்தல்

2008 அமெரிக்க அதிபர் தேர்தல் என்றால் ஒபாமாவா ஹிலாரியா என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த வருடத்து ஜனநாயகக் கட்சிச் சண்டையில் எனக்கு இன்னும் உறுத்துவது மிச்சிகனும் ஃபுளோரிடாவும்தான்.

அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தென் கரோலினா ஆகிய நான்கு மாநிலங்களைத் தவிர யாரும் பிப்ரவரி 5க்கு முன்னால் வேட்பாளர் தேர்வுக்கான ஓட்டெடுப்பு நடத்தக் கூடாது என்பது கட்சி விதி. மிச்சிகன் ஜனவரி 15, ஃபுளோரிடா ஜனவரி 29 என்று தேதி வைத்தன. முந்திக்கொண்டால்தான் வேட்பாளர்கள் நம்மையும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கணக்கு. கோபப்பட்ட கட்சித் தலைமை, வேட்பாளரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் மாநாட்டில் இரண்டு மாநிலங்களின் பிரதிநிதிகளுக்கும் ஓர் இடம்கூடக் கிடையாது என்று அறிவித்தது. ஃபுளோரிடாவில் தேதியை மாற்றிய சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. (ஜனநாயகக் கட்சிக்காரர்களும் அதற்குக் கை தூக்கினார்கள், அது வேறு கதை.)

மிச்சிகனில் ஒபாமாவும், இன்னொரு போட்டியாளரான எட்வர்ட்ஸும் வாக்குச்சீட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஹிலாரி எடுக்கவில்லை. அவருக்குச் சுமார் 55 சதவீதம் விழுந்தது. 40 சதவீதம் பேர் 'யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை' என்ற கட்டத்தில் குத்தினார்கள். இந்தத் தேர்தல் எதற்கும் கணக்கில் வராது என்று 2007இல் வானொலியில் சொன்னவரே ஹிலாரிதான். பிறகு பின்தங்கியதும் அதே ஓட்டுகளை எண்ணியே ஆக வேண்டும் என்றார். பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தைக்கூட ஒப்பிட்டுப் பேசினார்.

அந்த ஒப்பீட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாநாட்டு இருக்கைக்காக உண்மையிலேயே உரிமைப் போர் நடந்தது 1964இல், அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில். மிசிசிப்பியில் கறுப்பர்களை ஓட்டுப் போடவே விடாத கட்சி அமைப்பு வெள்ளையர்களை மட்டும் அனுப்பியிருந்தது. அதை எதிர்த்து வந்தவர்களில் ஒருவரான ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதியப் போனதற்காக வேலை பறிபோனதையும் சிறையில் அடிபட்டதையும் இந்த இருக்கைத் தகராறை விசாரித்த கட்சிக் குழுவின் முன்னால் சொன்னார். தொலைக்காட்சி கேமராக்களைத் தன் பக்கம் இழுக்க அப்போதைய அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டார். கடைசியில் கொடுக்க முன்வந்தது இரண்டே இரண்டு இடம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்காக 2008 வாக்காளர்களுக்கு அநியாயம் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓட்டு செல்லாது என்று கேட்டு வீட்டிலேயே இருந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு இருந்த ஒரே நியாயமான வழி மறுதேர்தல். மார்ச் மாதத்தில் இரண்டு மாநிலங்களிலும் அந்தப் பேச்சு எழுந்தது, இரண்டிலும் கைவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய தவறாகத் தெரிகிறது.

மே 31 அன்று கட்சியின் விதிகள் குழு வாஷிங்டனில் கூடி, இந்த இரண்டு மாநிலங்களின் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் அரை ஓட்டு என்று முடிவு செய்தது. மிச்சிகனில் ஹிலாரிக்கு 69 பிரதிநிதிகள், வாக்குச்சீட்டிலேயே இல்லாத ஒபாமாவுக்கு 59! எந்த ஓட்டை எண்ணி வந்த கணக்கு இது? ஹிலாரி தரப்பின் ஹரால்ட் இக்கீஸ் அங்கே கொதித்தார். சரி, ஆனால் 2007இல் இந்த இடங்களைப் பறிக்க ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஒபாமாதான் வேட்பாளர் என்று தெளிவான பிறகு, ஆகஸ்டில் அவரே கேட்டுக்கொள்ள, மாநாடு நடந்த டென்வரில் எல்லாருக்கும் முழு ஓட்டும் திரும்பக் கிடைத்தது. அப்போது அந்த ஓட்டுகளால் யாரும் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது.