எம்சீல் அப்பினால் போதாது

“தோட்டத்துப் பைப்பில் விரிசல் விட்டால் எம்சீல் அப்பினால் போதும், ஆயுசுக்கும் ஒழுகாது” என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. மாடித் தொட்டியின் அழுத்தம் எப்போதும் இருக்கிற லைனில், பிசைந்து அப்புகிற அந்தப் பசை தற்காலிக ஒட்டுதான்; வெயிலில் கிடக்கும் பிவிசியில் விரிசல் நீண்டுகொண்டே போகும்.

வால்வை மூடி, அந்தத் துண்டை வெட்டி எடுங்கள். ஈரம் போகத் துடைத்து, புதுத் துண்டை இரண்டு கப்ளர் (பைப்பை இணைக்கும் துண்டு) வைத்து சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) போட்டு ஒட்டுங்கள். செலவும் பெரிதில்லை. கடைக்கு வெட்டிய துண்டையும் கொண்டு போங்கள். வெள்ளை யுபிவிசி, வெளிர்மஞ்சள் சிபிவிசி என்ற இரண்டு வகை பைப்பும் ஒரே முக்கால் இஞ்ச் என்றாலும் வெளிவிட்டம் வேறு, கப்ளர் சேராது. பசையும் வேறு.

அப்புறம், மூடினாலும் சொட்டுகிற தண்ணீர் டேப்பை உடனே தூக்கிப் போடாதீர்கள். பழைய திருகு டேப் என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற வாஷர்தான் தேய்ந்திருக்கும்; அதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.