சட்டப் படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும்

அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தற்காலிகமாக வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேசும் ‘காசா’ (CASA, நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புப் பிரதிநிதி) தன்னார்வலர்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், நல்ல கட்டுரை. ஆனால் குழந்தையின் நிலையைப் பற்றி அவர்கள் நீதிபதிக்கு அறிக்கை எழுதுவதைப் பற்றி அதில் ஒரே வரிதான் இருக்கிறது. உண்மையான வேலையே அதுதான்.

இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. 1977இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூகப் இதைத் தொடங்கியதே பொதுமக்களை நம்பித்தான். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனை, சுமார் 30 மணி நேரப் பயிற்சி, பிறகு நீதிபதி முன் உறுதிமொழி. மாதம் ஒருமுறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும்.

புதியவர்கள் சறுக்குவது அறிக்கையில்தான். “வீடு மோசம்” என்று எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். “மார்ச் 4, மாலை 5 மணி: ஃப்ரிட்ஜில் அரை டப்பா பால் மட்டும், குழந்தைக்குத் தனிப் படுக்கை இல்லை” என்று எழுதுங்கள். பார்த்தது வேறு, பிறர் சொல்லிக் கேட்டது வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்.

“சீக்கிரம் அம்மாகிட்ட போயிடுவே” என்று மட்டும் குழந்தையிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். முடிவெடுப்பவர் நீதிபதி. வழக்கு ஓராண்டைத் தாண்டலாம். நடுவில் சமூகப் பணியாளர் மாறுவார், வீடு மாறும், பள்ளி மாறும். அதுவரை நிற்க முடியும் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள்.