எனக்கா கைராசி இல்லை?

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சில பேரு கைக்குச் செடி வராது. உங்களுக்குக் கைராசி இல்ல."

இன்று காலை என் வீட்டு வாசலில் நின்று, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று தை மாதம் வந்து 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போன அதே மனிதர்தான்.

திருவொற்றியூரில் பதினெட்டு வருடமாகச் செடி வளர்க்கிறேன். கடல் காற்று இலையைக் கருக்கும், போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதையெல்லாம் மீறித்தான் செம்பருத்தியும் அரளியும் இங்கே ஆள் உயரத்துக்கு நின்றன. எனக்குக் கைராசி இல்லையாம்!

அவர் தெரு முனை திரும்பியதும் கடப்பாரையை எடுத்தேன். சுவரோரமாக வரிசையாக ஐந்து இட்லிப்பூச் செடி வைத்திருந்தார். ஐந்தும் கருகிவிட்டன. ஏன் செத்தது என்று பார்த்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் வெள்ளைக் கல். கையால் வாரி வாரி நான்கு சாந்துச் சட்டி நிரப்பினேன். அடியில் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட். செடியைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மட்டும் ஓட்டை. அந்த ஓட்டையில் ஊற்றுகிற தண்ணீர்தான் செடிக்கு. ஷீட்டைக் கிழித்தால் கீழே மண்ணாவது இருக்க வேண்டாமா? டைல்ஸ் துண்டு, சிமெண்ட் கட்டி, உடைந்த செங்கல். ஏதோ ஒரு வீட்டில் பாத்ரூம் இடித்த குப்பை முழுவதும் என் வாசலில் புதைந்து கிடக்கிறது. மேலாகத் தூவிய செம்மண் நாலு விரல்கூட இல்லை.

அப்புறம் செடியைப் பிடித்து இழுத்தேன். பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது. பார்த்தால், நர்சரியிலிருந்து வந்த கறுப்பு பாலிதீன் கவர் அப்படியே இருக்கிறது. கிழிக்கவே இல்லை! கவரோடு குழியில் இறக்கி மண்ணை மூடியிருக்கிறார்கள். வெளியே போக வழியில்லாமல் வேர் உள்ளுக்குள்ளேயே இடியாப்பம் மாதிரி சுற்றிச் சுற்றிக் காய்ந்து கிடக்கிறது. சரி, ஒன்றில் மறந்திருப்பார்கள் என்று அடுத்ததை இழுத்தேன். அதிலும் கவர். மூன்றாவதிலும் கவர். ஐந்திலும் கவர். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன், உண்மையாகவே. ஆறு மாதமாகத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியது ஒரு பிளாஸ்டிக் பைக்கா?

கவரைக் கிழித்து, சுற்றிய வேரைப் பிரித்துவிட்டுத்தான் செடியை நட வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். புதர்ச் செடிக்கு ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்ப வேண்டும். சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வைக்க வேண்டும். இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இட்லிப்பூவுக்கு லேசாகப் புளிப்பு உள்ள மண் வேண்டும். அந்த வெள்ளைக் கல் சலவைக்கல் உடைசல், முழுக்கச் சுண்ணாம்பு. கீழே சிமெண்ட் கட்டி. ஊற்றுவது உப்புத் தண்ணீர். இப்படி இருந்தால் வேர் இரும்புச் சத்தை எடுக்காது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். மாசி மாதமே மஞ்சளானபோது படம் எடுத்து அனுப்பினேன். "வெயில் மேடம்" என்று பதில் வந்தது.

வருஷம் முழுக்கப் பூக்கும் என்று சொல்லி பெட்டூனியா இருபது வைத்தார். அது குளிர்காலப் பூ. சென்னையில் பங்குனி தாண்டாது, தாண்டவும் இல்லை. இங்கே வருஷம் முழுக்கப் பூக்கிற செடி எது? நித்யகல்யாணி! பேரிலேயே இருக்கிறது. உப்பு மண்ணிலும் வரும், ஒருநாள் தண்ணீர் விடாவிட்டாலும் நிற்கும். என் வீட்டில் அது இரண்டு பாத்தி இருந்தது. களை என்று பிடுங்கிப் போட்டது இவருடைய ஆட்கள். அத்தை வைத்த செம்பருத்தியும் அரளியும் அதே குப்பை வண்டியில்தான் போயின. நான் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தேன்.

இதைவிட நெஞ்சு பொறுக்காத ஒன்று உண்டு. மழைநீர் சேகரிப்புக் குழியின் மேலேயே ஷீட்டை விரித்துக் கல்லைக் கொட்டியிருக்கிறார். 2003-லேயே இந்த மாநிலத்தில் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய குழி அது. நேற்று ராத்திரி ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் இறங்க இடமில்லாமல் படிவரை நின்றது. அதைக் கேட்கத்தான் காலையில் அவரை வரச்சொன்னேன். 2023 மிக்ஜாம் புயலில் வடசென்னை பட்ட பாட்டுக்கு அப்புறமும் ஒருவர் இங்கே வந்து தண்ணீர் இறங்குகிற வழியை அடைக்கிறார் என்றால் அவரை என்ன செய்வது? கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடப்பா கல்லை இடைவெளி விட்டுப் பதித்து, நடுவில் மண் தெரிய விட்டால் நடக்கவும் நடக்கலாம், மழையும் உள்ளே போகும். குழிக்கு மேலே வெறும் ஜல்லி போதும். ஷீட் எதற்கு?

இப்போது வாசல் முழுக்கப் பள்ளம். மிச்சம் இருக்கிற ஒரே செடி அடுக்கு நந்தியாவட்டை. காம்பவுண்டுக்கு வெளியே இருந்ததால் அவர் கையில் சிக்கவில்லை. அதிலாவது பூவைப் பார்க்க முடிகிறதா? விடிகாலை ஐந்து மணிக்குத் தொரட்டியும் பிளாஸ்டிக் பையுமாக ஒருவர் வந்து, மொட்டுவரை ஒன்று விடாமல் பறித்துப் போகிறார். கேட்டால் "சாமிக்குத்தானே" என்கிறார். வைத்தது அத்தை, தண்ணீர் ஊற்றுவது நான், எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முழம் நாற்பது ரூபாய்க்குக் கடையில் பூ வாங்குகிறேன்! நாளைக்கு ஐந்து மணிக்கு நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.