பழைய அம்பாசடரில் எல்பிஜி: முதலில் வால்வு சீட்டைப் பாருங்கள்

பழைய அம்பாசடர் காரை கேஸில் ஓட்ட எல்பிஜி கிட் பொருத்தினாலே போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது போதாது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் வார்ப்பிரும்பு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) அப்படி விட்டுவிடக் கூடாது. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை, அதாவது புகை வெளியேறும் வால்வு மூடும்போது அமரும் விளிம்பைக் காத்தது. கேஸில் அது கிடையாது. சீட் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கும், டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள சந்து) குறையும், கடைசியில் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். அதுவரை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது இடைவெளியை அளந்தாக வேண்டும்.

ரெடியூசரை (திரவ எல்பிஜியை வாயுவாக்கி அழுத்தம் குறைக்கும் கருவியை) ரேடியேட்டரின் மேல்தொட்டி மட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள். மேலே வைத்தால் காற்று அடைத்து, அதைச் சூடாக்கும் எஞ்சின் வெந்நீர் ஓடாமல் ரெடியூசர் உறைந்துபோகும். பழைய பிளக் ஒயர்களையும் மாற்றிவிடுங்கள்: ஸ்பார்க் தவறினால் இன்டேக்கில் (காற்றும் கேஸும் எஞ்சினுக்குள் போகும் குழாயில்) வெடித்து ஏர்ஃபில்டர் பெட்டியே பிளக்கும். டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம்.